நாகர்கோவிலுக்கு ஏழு வயசுப் பையனோட காரில்: எங்கே நிறுத்தலாம்?

தாம்பரம் அம்மா: லீவுக்கு நாகர்கோவில் மாமியார் வீட்டுக்கு நானே கார் ஓட்டிக்கிட்டுப் போறேன். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். வீட்டுக்காரர் பின்னாடி ரயில்ல வர்றார். கூட மகன் மட்டும்தான். போன்ல கார்ட்டூன் பார்த்தா திண்டிவனத்துக்குள்ள வாந்தி. போன் இல்லன்னா “எப்பம்மா வரும்?”தான். இந்தப் பயணம் அவனுக்குப் பிடிக்கணும்னு ரொம்ப ஆசைப்படறேன்.

விராலிமலைக்காரர்: போன் வேண்டவே வேண்டாங்க. கண்ணு அசையாத திரையைப் பார்க்குது, உள்காது வண்டியோட ஆட்டத்தை உணருது. அந்த முரண்தான் குமட்டல். பின்சீட்டு நடுவுல, பெல்ட் போட்டு, முன்னாடி ரோடு தெரியற மாதிரி உட்கார வைங்க. காலையில ரெண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். திருச்சி தாண்டி எங்க ஊர் முருகன் கோயில், மலையைச் சுத்தி மயில். உச்சி வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க, அப்புறம் படி கால் சுடும்.

கோவில்பட்டி ஆச்சி: ஒரே நாள்ல ஓட்டாதம்மா. மதுரையில ராத் தங்கிடு. மறுநாள் எங்க ஊர்ல கடலைமிட்டாய் வாங்கிக் கொடு. அடுத்து கயத்தாறு, 1799-ல கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். அங்க இறங்கி நின்னு என் பேரன் கேட்ட கேள்விகளுக்கு நாங்குநேரி வரைக்கும் பதில் சொன்னேன்! ஆரல்வாய்மொழியில காத்தாலைகளை எண்ணச் சொல்லு, வாந்தி ஞாபகமே வராது.

தாம்பரம் அம்மா: ரொம்ப நன்றி ஆச்சி, மதுரையில தங்கிடறோம். கட்டபொம்மன் கதையை இப்பவே கேக்கறான். கார் நிறுத்த மாட்டுத்தாவணிப் பக்கம் வசதியா, ரிங் ரோடா?