அவசர அனுமதி பெற்ற பூச்சிநாசினி: அந்த அனுமதியின் எல்லை எது?

பதிந்தவர்: வெருகல் கமக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நான் வெருகல் பிரதேசத்தில் நெல்லும், மேட்டுநிலத்தில் சோளமும் கச்சானும் செய்கிறவன். எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் இருக்கிறேன். 2018ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் சேனா படைப்புழு நமது நாட்டுக்குள் வந்தபோது, அதுவரை சோளத்துக்கென்று எங்கள் பக்கத்தில் எவரும் வாங்கியிராத பூச்சிநாசினிகளை விவசாயத் திணைக்களம் விரைந்து சிபாரிசு செய்தது. அன்றைய நிலையில் அதைவிட வேறு வழி இருந்ததாக நான் எண்ணவில்லை. மாலையில் நன்றாக நின்ற குருத்தை விடிந்ததும் விரித்துப் பார்த்தால், இலை சல்லடையாகி, உள்ளே ஈர மரத்தூளைப் போல எச்சம் அடைத்திருக்கும். அத்தகைய நேரத்தில் கமக்காரன் கையில் ஏதாவது ஒரு மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

எனது கேள்வி அந்த நாள்களைப் பற்றியதன்று. அதற்குப் பின்னர் நடப்பதைப் பற்றியது. ஒரு பயிரில், ஒரு புழுவுக்கு எதிராக, அவசரம் கருதிக் கொடுக்கப்படும் அனுமதி எப்போது முடிவடைகிறது, அது முடிந்துவிட்டது என்பதைக் கமக்காரனுக்கு யார் சொல்ல வேண்டும்? “சோளப் புழுவையே கொன்ற மருந்து, கத்தரிக்கும் மிளகாய்க்கும் கேட்காதா?” என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமைப்பின் கூட்டங்களில் இளைஞர்கள் இதைக் கேட்கும்போது, கூடாது என்று சொல்ல முடிகிறதே தவிர, ஏன் கூடாது என்று விளக்க என்னிடம் போதிய விபரம் இல்லை. அடுத்த தடவை வேறொரு பூச்சி வரும். அப்போதும் அரசு அவசரமாக ஒரு நாசினியை அனுமதிக்கும். அந்த அனுமதியை நாங்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கந்தளாய், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

தம்பி, மிகவும் தேவையான கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வழமையான பாதையைப் பார்ப்போம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பேராதனை கெட்டம்பேயில் இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவைப் பெறாத எந்த நாசினியையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாது. பதிவு என்பது போத்தலுக்குக் கொடுக்கும் பொதுவான நற்சான்றிதழ் அன்று. இன்ன பயிரில், இன்ன பீடைக்கு எதிராக, இவ்வளவு நீரில் இவ்வளவு கலந்து, அறுவடைக்கு இத்தனை நாள்கள் முன்னதாக நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சேர்ந்ததுதான் பதிவு. அந்த நிபந்தனைகள் காரணமின்றி எழுதப்பட்டவை அல்ல. நச்சுத்தன்மை பற்றிய தரவுகள், நமது காலநிலையில் செய்யப்பட்ட களப் பரிசோதனைகள், விளைபொருளில் எஞ்சும் அளவு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அவை எழுதப்படுகின்றன. இதற்குக் காலம் எடுக்கும். புதிதாக வந்த புழுவோ ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். அந்த இடைவெளியை நிரப்புவதற்கே உலகெங்கும் அவசர அனுமதி என்ற ஏற்பாடு இருக்கிறது.

இங்கே நமது ஆட்கள் பலர் விளங்கிக்கொள்ளாத ஒன்று உண்டு. அவசர அனுமதியில் சுருக்கப்படுவது காத்திருக்கும் காலம் மாத்திரமே. பயன்பாட்டின் எல்லை அதனால் அகலமாவதில்லை. சொல்லப்போனால், வழமையான பதிவைவிட அது மேலும் குறுகியதாகவே இருக்க வேண்டும். தரவு குறைவாக இருக்கும்போது ஒரு பயிர், ஒரு பீடை, ஒரு பருவம் என்று கட்டிவைத்தால்தான், ஏதேனும் பிழைத்துப்போனாலும் சேதம் அந்த வரம்புக்குள் நிற்கும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஏன் கூடாது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். சோளத்தில் இளம் பருவத்தில் குருத்துக்குள் மருந்து அடிக்கிறோம். மணி முற்றி, பொத்தி உரித்து எடுக்கப் பல வாரங்கள் செல்கின்றன. அதற்குள் மருந்தின் பெரும்பகுதி சிதைந்துவிடும். கத்தரியையும் மிளகாயையும் சில நாள்களுக்கு ஒரு தடவை பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறோம். அடித்த காயையே தோலோடு சமைக்கிறோம். சோளத்துக்கென்று கணக்கிட்ட இடைவெளி அங்கே எதையும் காப்பாற்றாது. அதே நாசினி கத்தரிக்கும் தனியாகப் பதிவு பெற்றிருந்தால், அதற்குரிய அளவும் நாளும் சுட்டுத்துண்டில் தனியாக எழுதப்பட்டிருக்கும். எழுதப்படவில்லை என்றால் அந்தப் பயிருக்கு அது இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. படைப்புழு அமெரிக்கக் கண்டத்தில் பல நாசினிகளுக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்ட புழு. எமாமெக்டின் பென்சோவேற், ஸ்பினெற்றோரம், குளோரான்ட்ரனிலிபுரோல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் புழுவைத் தாக்குபவை. அவற்றை மாறிமாறி, தேவைப்படும் நேரத்தில் மாத்திரம் பாவித்தால் பல போகங்களுக்கு அவை பயன்படும். ஒன்றையே எல்லாப் பயிரிலும் எல்லா வாரமும் அடித்தால், அடுத்த அவசரத்தின்போது கையில் எதுவும் மிஞ்சாது.

அடிக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் அந்துப்பூச்சி ஒரு கூட்டில் நூறு முதல் இருநூறு வரை முட்டையிடும். பொரித்த புழு சிறியதாக வெளியில் மேயும்போதே மருந்து அதன்மேல் படும். தலையில் தலைகீழான ஆங்கில வை எழுத்தைப் போன்ற கோடும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், அது குருத்தின் அடியில் தனது எச்சத்தையே மூடியாக்கிக்கொண்டு இருந்துவிடும். அதன்பின் நண்பகல் வெயிலில் எவ்வளவு விலையுயர்ந்த நாசினியை அடித்தாலும் காசு நட்டந்தான். “அனுமதித்த மருந்து கேட்கவில்லை” என்று வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நான் இந்த வகையிலேயே சேர்ப்பேன். முட்டைக் கூடுகளைக் கையால் நசுக்குவதும், அதிகாலையிலோ மாலையிலோ குருத்தை நோக்கி விசிறுவதும் எந்த அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையற்ற வேலைகள்.

பதில்: நோர்போக் வாசி, பிறந்த இடம் திருகோணமலை

நான் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சீனி எடுக்கும் பீற்றூட் இனமான சீனிக்கிழங்கு விளையும் மாவட்டத்தில் வசிக்கிறேன். ஐயா எழுதிய “எல்லை” என்பது இங்கே எப்படி வரையப்பட்டது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்லலாம்.

தேனீக்களுக்குக் கேடு என்ற காரணத்தால் தயாமெத்தொக்சாம் உள்ளிட்ட மூன்று நியோனிக்கொட்டினொயிட்டு நாசினிகளைத் திறந்த வெளியில் பாவிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. 2020இல் அழுக்கணவன் பரப்பும் மஞ்சள் வைரசு நோயால் இங்கிலாந்தின் சீனிக்கிழங்கு விளைச்சலில் ஏறத்தாழக் கால்வாசி போயிற்று. தடைசெய்யப்பட்ட தயாமெத்தொக்சாமை விதையில் ஊட்டி விதைக்க விவசாயிகளும் சீனி ஆலையும் அவசர அனுமதி கேட்டன. 2021 ஜனவரியில் அரசு அனுமதித்தது. ஆனால் அந்த அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்தது. ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் மார்ச் மாதத் தொடக்கத்தில் கணிக்கும் நோய்த்தாக்கம் நூற்றுக்கு 9 வீதத்தைத் தாண்டினால் மாத்திரமே மருந்திட்ட விதையை விதைக்கலாம். அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்ததால் அழுக்கணவன்கள் மடிந்தன, கணிப்பு 8.37 வீதத்தில் நின்றது. அனுமதி கையில் இருந்தும் அந்த ஆண்டு ஒரு விதையும் அப்படி விதைக்கப்படவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். அபாயம் வந்ததா என்பதை அளந்து பார்த்தே மருந்து என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

பின்னர் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அனுமதி கொடுக்கப்பட்டு, பாவிக்கவும் பட்டது. மருந்திட்ட விதை விதைத்த வயலில் 32 மாதங்களுக்குப் பூக்கும் பயிர் எதையும் நடக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் ஒன்றை அவசரம் என்று அழைக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. 2025 ஜனவரியில் அரசு விண்ணப்பத்தை நிராகரித்தது.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் அவசர அனுமதியின் நீளம் 120 நாள்களுக்கு மேற்படக்கூடாது. வெளிப்படையாகத் தடை செய்யப்பட்ட நாசினியை ஊட்டிய விதைகளை இந்த அவசர வழியால் மீண்டும் கொண்டுவர உறுப்பு நாடுகளுக்கு அதிகாரமில்லை என்று, பெல்ஜியத்திலிருந்து போன வழக்கொன்றில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரி 19இல் தீர்ப்பளித்தது.

பதில்: தம்பலகாமம், மாடு வளர்ப்பவர்

நான் பால் கறந்து தயிர் போட்டு விற்கிறவள். நீங்கள் எல்லோரும் மணியைப் பற்றியே பேசுகிறீர்கள். பொத்தி முறித்த பின் சோளத்தட்டையை மாட்டுக்குப் போடுகிறோம். மழை பிழைத்த போகத்தில் பச்சைச் சோளத்தையே வெட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அறுவடைக்கு முன்னான இடைவெளி என்று போத்தலில் எழுதியிருப்பது தீனிக்கும் பொருந்துமா? அவசரத்தில் அனுமதிக்கும்போது எங்களை யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்பதை அறிய விரும்புகிறேன். குழந்தைகள் சாப்பிடும் தயிர் என்பதால் கேட்கிறேன்.

பதில்: கந்தளாய், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

சகோதரி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மணிக்கென்று சொல்லப்பட்ட இடைவெளி இலைக்கும் தட்டைக்கும் தானாகப் பொருந்தாது; மருந்து நேரடியாகப் படுவது இலையில், மணி மடலுக்குள் மூடிக்கிடக்கிறது. தீனிக்குரிய இடைவெளி சுட்டுத்துண்டில் தனியாகக் குறிப்பிடப்படாதவரை, மருந்தடித்த பச்சைச் சோளத்தை மாட்டுக்கு வெட்டிப் போடாதீர்கள். தட்டை வாங்கும்போது கடைசியாக எப்போது, எது விசிறப்பட்டது என்று வயற்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பதில்: விவசாய விரிவாக்கம் கற்பவர், திருகோணமலை நகர்

அமெரிக்காவின் ஏற்பாடு இதற்குப் பொருத்தமாக இருப்பதால் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். அங்கே கூட்டாட்சிப் பீடைகொல்லிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவசர விதிவிலக்குகளைப் பற்றியது. குறிப்பிட்ட பயிர்த்தேவைக்குரிய விதிவிலக்கு அதிகபட்சம் ஓராண்டு. வெளிநாட்டுப் பீடை பரவாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல் விதிவிலக்கு மூன்றாண்டு. நெருக்கடி விதிவிலக்கு, தொடர்ந்து முறையான விண்ணப்பம் போடாவிட்டால், 15 நாள்கள் மாத்திரமே. தம்பலகாமம் அக்கா கேட்டதற்கு நெருக்கமான ஏற்பாடும் அங்கே உண்டு. 1996ஆம் ஆண்டு முதல், இவ்வாறு அனுமதிக்கும் நாசினியின் எச்சம் உணவில் எவ்வளவு இருக்கலாம் என்ற வரையறையையும் காலக்கெடுவோடு நிர்ணயித்தாக வேண்டும்.

ஆனால் அங்கேயும் சறுக்கல் இருக்கிறது. சல்பொக்சாபுளோர் என்ற நாசினியின் பதிவை 2015இல் நீதிமன்றம் தேனீக்களின் பொருட்டு இரத்துச் செய்தது. அடுத்த ஆண்டு அது பூக்கும் பயிர்களைப் பெரிதும் தவிர்த்து மீண்டும் பதிவானது. பருத்திக்கும் இறுங்குக்கும் அவசர விதிவிலக்கு என்ற பெயரில் பல மாநிலங்களில் ஆண்டுக்கு ஆண்டு கொடுக்கப்பட்டு, 2019இல் அப்பயிர்களுக்கும் பதிவு கிடைத்தது. 2018இல் அந்த நாட்டுச் சுற்றாடல் முகவரகத்தின் உள்ளகக் கண்காணிப்பாளரே, இந்த விதிவிலக்குகளால் மக்கள் நலத்துக்கும் சூழலுக்கும் விளைந்தது என்ன என்பதை அளக்கும் முறை முகவரகத்திடம் இல்லை என்று குறை கண்டார்.

நமது நாட்டில் கேட்கப்படும் இன்னொரு கேள்வியையும் இங்கே தொட வேண்டும். “அவசரம் என்றால் பழைய வீரியமான மருந்துகளைத் திரும்பக் கொண்டுவரலாமே” என்று சில மூத்த கமக்காரர்கள் சொல்வதுண்டு. மொனோகுரோட்டோபொஸ் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும், பரகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாகவும் இங்கே நிறுத்தப்பட்டன. அவற்றை நிறுத்திய பின் நஞ்சருந்தி இறப்போரின் தொகை பெருமளவு குறைந்ததை உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எந்தப் புழு வந்தாலும் அந்தக் கதவு திறக்கப்படக்கூடாது என்பது எனது உறுதியான கருத்து.

பதிந்தவர்: வெருகல் கமக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இனி ஏதேனும் நாசினி அவசரமாக அனுமதிக்கப்பட்டால், வாய்மொழியை ஏற்காமல், பயிர், பீடை, அளவு, அறுவடை இடைவெளி, தீனி இடைவெளி, முடிவுத் திகதி ஆகியவை அடங்கிய தமிழ்க் கடிதத்தின் பிரதியைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பெற்று, எங்கள் அமைப்பின் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதென்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முடிவுத் திகதியைச் சிவப்பு மையில் எழுதுவோம்.

ஐயாவிடம் ஒன்று மாத்திரம் கேட்க வேண்டியுள்ளது. திகதி முடிந்த பின் வீடுகளில் அரைகுறையாகக் கிடக்கும் போத்தல்களை என்ன செய்வது? இங்கே சிலர் வாய்க்காலில் ஊற்றிவிடுகிறார்கள்.

பதில்: கந்தளாய், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

வாய்க்காலில் ஊற்றவே கூடாது, தம்பி. அந்தத் தண்ணீர் கீழேயுள்ள வயலுக்கும் களப்புக்கும் போகிறது. சோடாப் போத்தலுக்கோ வேறு பாத்திரத்துக்கோ மாற்றவும் வேண்டாம். சுட்டுத்துண்டு கிழியாத அதே போத்தலில், மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். எத்தனை போத்தல், யாரிடம் இருக்கிறது என்று அமைப்பின் பெயரில் ஒரு பட்டியல் எழுதி, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கையளித்து, விற்ற கடையோ கொண்டுவந்த நிறுவனமோ திரும்ப எடுக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது அவைதான் பேசும்.