கடலடி கேபிளுக்குப் பல கோர் இழை தேவைதானா?

இழைநேசன்:
ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்பு ஆய்வு நிறுவனமான என்ஐசிடி, 2024இல் விநாடிக்கு 402 டெராபிட் அனுப்பிக் காட்டியது. அதற்குப் பயன்பட்டது சந்தையில் கிடைக்கும் ஒற்றைக் கோர் இழை, அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியான கோர் ஒன்றே உள்ள கண்ணாடி இழை. தொலைவு 50 கிலோமீட்டர். இன்று இழைகளில் பெரும்பாலும் ஓடுவது 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான ஒளி அலைநீளங்கள், அதாவது சி பட்டைதான். மற்றப் பட்டைகளையும் திறந்தால், மண்ணைத் தோண்டாமலே கொள்ளளவு பெருகும். ஒரே இழைக்குள் பல கோர்களை வைக்கும் பல கோர் இழைக்கு ஆராய்ச்சிப் பணத்தைக் கரைப்பது ஏன்?

நீள்கடல்:
தரைக்குச் சரி, கடலுக்குப் பொருந்தாது. அந்த 402 டெராபிட்டுக்கு எர்பியம், தூலியம், பிஸ்மத் போன்ற தனிமங்கள் கலந்த வகைவகையான பெருக்கிகள், அதாவது மங்கும் ஒளியை வலுவாக்கும் கருவிகள், தேவைப்பட்டன. கடலடிப் பெருக்கிகள் அத்தனைக்கும் மின்சாரம் கரையிலிருந்து கேபிளுக்குள் இருக்கும் ஒரே கடத்தி வழியாகத்தான் போகிறது. முட்டுக்கட்டை அங்கேதான். ஒரு தடம் எவ்வளவு தகவலைச் சுமக்கும் என்று சொல்லும் ஷானன் வாய்பாட்டைப் பாருங்கள்: ஒரே தடத்தில் (ஒரு கோரில்) ஒளித்திறனை இரட்டித்தால் கொள்ளளவு கொஞ்சம்தான் ஏறும். இரட்டித்த திறனை இரண்டு தடங்களுக்குப் பங்கிட்டால் கொள்ளளவும் இரட்டிக்கும்.

இழைநேசன்:
தடங்கள் வேண்டுமென்றால் சாதாரண இழைகளையே கூட்டலாமே? பல கோர் இழையென்றால் ஒவ்வொரு பெருக்கியிலும் கோர்களைத் தனி இழைகளாகப் பிரிக்க ஓர் உறுப்பு, மறுபடி சேர்க்க இன்னொன்று. இரண்டிலும் ஒளி இழப்பு உண்டு. அதை ஈடுகட்டப் பெருக்கி கூடுதல் மின்சாரம் கேட்கும். நீங்கள் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

ஒட்டுவேலை:
நான் இழை ஒட்டும் வேலை செய்பவன். சாதாரண இழையின் இரு முனைகளையும் நேராக வைத்து உருக்கி ஒட்டினால் போதும். பல கோர் இழையில் முனையைச் சுழற்றிக் கோருக்குக் கோர் பொருத்த வேண்டும். இழையின் விட்டமே 0.125 மில்லிமீட்டர். அறுந்த கேபிளை ஆடும் கப்பலில் வைத்து ஒட்ட வேண்டியவர்களை யாரும் நினைப்பதில்லை.

நீள்கடல்:
உங்கள் கவலை நியாயமானது, ஐயா. ஒட்டும் கருவிகளும் இதே ஆராய்ச்சியில் சேர்ந்தவைதான்.
இழைநேசன், இழைகளைக் கூட்டக் கேபிளில் இடம் வேண்டாமா? கேபிள் தடித்தால் ஒரு கப்பல் ஏற்றிச் செல்லும் நீளம் குறையும். 2022இல் என்ஐசிடி நான்கு கோர் இழையில் விநாடிக்கு 1 பெட்டாபிட்டை, அதாவது 1000 டெராபிட்டைத் தாண்டியது. அதன் வெளிவிட்டமும் அதே 0.125தான். தைவான், பிலிப்பைன்ஸ், அமெரிக்காவை இணைக்கும் டிபியு கேபிளில் இரட்டைக் கோர் இழை இடப்படும் என்று கூகுளும் ஜப்பானிய நிறுவனமான என்இசியும் 2023இல் அறிவித்தன. பிரிப்பதால் வரும் இழப்பை நான் மறுக்கவில்லை. அதைக் குறைக்கத்தான் பணம் வேண்டும் என்கிறேன். எல்லாக் கோர்களையும் ஒருசேரப் பெருக்கும் எர்பியம் இழை கைகூடினால் பெருக்கியில் பிரிக்கவே வேண்டாம்.

இழைநேசன்:
அப்படிப் பெருக்கும்போது ஒவ்வொரு கோருக்கும் ஒரே அளவு பெருக்கம் கிடைத்தாக வேண்டும். சிறிய வித்தியாசமும் பெருக்கிக்குப் பெருக்கி கூடிக்கொண்டே போகும். பசிபிக்கைக் கடக்கும் தொலைவில் மிகக் குறைவாகப் பெருகிய கோர் என்ன நிலையில் கரை சேர்கிறது என்ற அளவீட்டைக் காட்டுங்கள். அதுவரை என் வாக்கு சாதாரண இழைக்கே.