ஷுல்ப்ஃபோர்ட்டா பள்ளி: கட்டுரைக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் நவும்பூர்க் நகரை ஒட்டியுள்ள ஷுல்ப்ஃபோர்ட்டா உறைவிடப் பள்ளி பற்றித் தமிழில் கட்டுரை தயாராகிறது. ஆண்டுகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1137 சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் அங்கே அமைந்த ஆண்டு. சாக்சனி ஆட்சியாளர் மோரிட்ஸ் அதைப் பள்ளியாக்கியது 1543இல். 1815இல் பள்ளி பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசுக்குப் போனது. 1935இல் நாஜிகளின் பயிற்சிப் பள்ளியானது. இதைக் கட்டுரை மறைக்கக் கூடாது. மெய்யியலாளர் நீட்சே அங்கே படித்தது 1858 முதல் 1864 வரை.

இன்று 9 முதல் 12ஆம் வகுப்பு வரை. மொழி, இசை, இயற்கை அறிவியல் என மூன்று பிரிவுகள். விடுதி, நூலகம், பழைய மடத்துத் தேவாலயம் ஆகியவற்றை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் விவரமும் படமும் தாருங்கள்.

இன்னொன்று: இப்பள்ளியின் வகையைக் குறிக்கும் 'கிம்னாசியம்' என்ற ஜெர்மன் சொல்லை உடற்பயிற்சிக்கூடம் என்று பெயர்த்தால் பொருளே மாறிவிடும். பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளி அது. இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் எது?