நீலம் அச்சில் ஊதாவாக வருகிறது, அவசரம்

அவசரக்குடுக்கை:
வணக்கம். புத்தக அட்டை ஒன்று. திரையில் நல்ல நீலம், மாதிரி அச்சில் கத்தரிப்பூ நிறம். அச்சகத்தில் கேட்டால் "உங்கள் ஃபைல் அப்படி" என்கிறார்கள். நாளைக் காலைக்குள் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

மைக்கறை:
எந்த மென்பொருள்? திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையா, அச்சுக்கான நாலு மை சிஎம்ஒய்கேயா? ஜேபெக் கொடுத்தீர்களா, பிடிஎஃபா? என்ன பேப்பர்? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம்போடு:
மானிட்டர்தான். பிரைட்னஸை முழுதாக வைத்திருப்பீர்கள். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மைக்கறை:
பிரைட்னஸ் கூடியிருந்தால் அச்சு இருட்டாகத் தெரியும். நீலம் எப்படி ஊதாவாகும்? யார் எதைக் கேட்டாலும் உங்களுக்கு மானிட்டர்தானா?

நாலுவர்ணம்:
தம்பி, திரை ஒளியில் நிறம் காட்டும், அச்சு மையில் காட்டும். இந்த அரிச்சுவடி தெரியாமலே அட்டை போட இறங்கிவிடுகிறார்கள். இங்கேயே நூறு தடவை எழுதியாயிற்று. முதலில் படத்தை 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆக்கு. 72 வைத்துக்கொண்டு நிறத்தைக் குறை சொல்லாதே.

பிக்சல்பித்தன்:
டிபிஐக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் 72 என்று எங்கே சொன்னார்? அப்படியே இருந்தாலும், படத்தில் 2480-க்கு 3508 பிக்சல் இருந்தால் ஏ4 அளவில் அது 300தான். அந்த எண் ஃபைல்மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை மாற்றினால் பிக்சல் கூடிவிடாது.

நாலுவர்ணம்:
நீ பிறப்பதற்கு முன்பே அச்சுக்கு ஃபிலிம் போட்டவன் நான்.

பிக்சல்பித்தன்:
சரி. கணக்கு அப்போதும் இதேதான்.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கவும். ஃபோட்டோஷாப். ஆர்ஜிபியில் செய்து கடைசியில் சிஎம்ஒய்கே ஆக்கினேன். பிடிஎஃப், ஆர்ட் பேப்பர். நீலம் ஆர்ஜிபியில் 0, 0, 255; சிவப்பும் பச்சையும் இல்லை, நீலம் மட்டும் முழுதாக.

தாள்வாசி:
அதுதான் விஷயம். நாலு மையை எப்படிக் கலந்தாலும் அந்த நீலம் வராது. இன்ஃபோ பேனலில் பாருங்கள், சயான் என்கிற வெளிர்நீல மை 88 சதவீதம், மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு மை 77 என்ற மாதிரி காட்டும்; ப்ரொஃபைலை, அதாவது எந்த அச்சு, தாளுக்கு நிறத்தை மாற்றுகிறோம் என்ற அமைப்பை, பொறுத்துக் கொஞ்சம் மாறும். மெஜந்தா இவ்வளவு நெருங்கி நின்றால் ஊதாதான். சயானை 100-க்கு ஏற்றி, மெஜந்தாவை 60-க்குக் கீழே இறக்குங்கள். திரையை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். எந்த ப்ரொஃபைல் வேண்டும் என்று அச்சகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எழுத்து கறுப்பா? ஆர்ஜிபி கறுப்பான 0, 0, 0-ஐ மாற்றினால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு வரிசையில் 75, 68, 67, 90 என்று ஆகியிருக்கும். கூட்டினால் 300 சதவீத மை. சின்ன எழுத்தில் நாலு மையும் துளி விலகினாலே ஓரத்தில் நிறம் பிதுங்கும். மற்ற மூன்றையும் 0 ஆக்கிக் கறுப்பை மட்டும் 100 வையுங்கள்.

நாலுவர்ணம்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

பிக்சல்பித்தன்:
எந்த வரியில்?

வெளிச்சம்போடு:
இருந்தாலும் மானிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அவசரக்குடுக்கை:
மெஜந்தா 55 வைத்தேன். புது மாதிரி வந்துவிட்டது, நீலம்தான். எழுத்தையும் மாற்றிவிட்டேன். தாள்வாசிக்கு நன்றி. ஃபைலைக் கொடுக்க ஓடுகிறேன்.

மைக்கறை:
ப்ளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஓரத்தில் விடும் கூடுதல் பகுதி, 3 மில்லிமீட்டர் விட்டிருக்கிறீர்கள்தானே?

மைக்கறை:
ஹலோ?