டிமீட்டர் கொடுமைக்காரத் தாயா?

கேள்வி: கிளிநொச்சி வாசகி
பாதாள அரசன் கடத்திச் சென்ற பேர்செபோனியின் கிரேக்கக் கதையைப் புதிதாகச் சொல்லும் நாவல்களையும் சித்திரக்கதைகளையும் அண்மையில் வாசித்து வருகிறேன். அவற்றுள் சிலவற்றில் அந்த அரசன் ஹேடிஸ் மென்மையான காதலனாகவும், தாய் டிமீட்டர் மகளைப் பூட்டிவைப்பவளாகவும் வருகிறார்கள். கடத்தியவன் நல்லவன், தேடியவள் கெட்டவள் என்று ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கதையில் இதற்கு இடமுண்டா?

பதில்: மாங்குளம் ஆசிரியர்
இல்லை, தங்கச்சி. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலில், பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணை நிலம் பிளந்து வந்த ஹேடிஸ் தேரில் ஏற்றிச் செல்கிறான். அவளோ தந்தை சியூஸை அழைத்துக் கதறுகிறாள். அவளைத் தன் உடன்பிறந்தவனான ஹேடிஸுக்குக் கொடுக்க முன்பே சம்மதித்தவன் அந்தத் தந்தைதான். தாயிடமும் கேட்கவில்லை, மகளிடமும் கேட்கவில்லை. டிமீட்டர் ஒன்பது நாட்கள் உண்ணாமலும் நீராடாமலும் தீப்பந்தங்களோடு அலைகிறாள். பாதாளத்தில் எதையாவது உண்டவள் அங்கே திரும்பிப் போயாக வேண்டும்; அவளை அப்படிக் கட்டிப்போட்ட மாதுளம்வித்தைக்கூட ஹேடிஸ் வற்புறுத்தியே உண்ணச் செய்தான் என்று மகள் பின்னர் தாயிடம் சொல்கிறாள். தாயின் மேல் பழியைப் போடும்போது சியூஸின் அந்தச் சம்மதம் கண்ணில் படாமல் போய்விடுகிறது என்பதே என் மனக்குறை.

பதில்: முல்லைத்தீவிலிருந்து
அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் அந்த நாவல்களில் நான் என்னையே கண்டேன். போருக்குப் பின் என் அம்மா என்னைத் தனியே படலைக்கு வெளியே விட்டதில்லை. அது அச்சத்தில் பிறந்த அன்புதான் என்று அறிந்தும் எனக்கு மூச்சு முட்டியது. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, விருப்பம் கேளாமலே பெண்பிள்ளைகளுக்கு அவசரத் திருமணம் செய்துவைத்த வீடுகள் வன்னியில் இருந்தன. என் அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டில் சியூஸும் டிமீட்டரும் ஒருவராகவே இருந்தார்கள். அந்த நெருக்கத்தை எழுதும் நாவலை நான் வரவேற்கிறேன். அதிலிருந்து மீளும் வழியாகக் கடத்தியவனின் தேரையே காட்டுவதைத்தான் ஏற்க மாட்டேன்.

கிளிநொச்சி வாசகி
உங்கள் அக்காவின் கதையைச் சொன்னதற்கு நன்றி, தங்கச்சி. நான் தாயின் பக்கம் மட்டும் நின்று வாசித்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டம் தொடங்கிய கந்தசுவாமி கோயிலைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். டிமீட்டரை வேறு விதமாக வாசிக்க எனக்கு இயலவில்லை. அந்தத் துதிப்பாடலில் மகள் திரும்பி வந்ததும் தாய் அவளைக் கட்டியணைத்துக்கொண்டு முதலில் கேட்பது, அங்கே ஏதும் சாப்பிட்டாயா என்பதுதான்.