சூரத் பிளேக் 1994: ஊரை அடைச்சிருக்கணுமா?

கார்மேகம்:
1994 செப்டம்பர்ல குஜராத் சூரத்ல நிமோனிக் பிளேக்னு, அதாவது நுரையீரலைத் தாக்குற பிளேக்னு, சந்தேகம் வந்த அன்னைக்கே ஊரை சீல் வச்சிருக்கணும். வைக்கல. சில நாள்லயே லட்சக்கணக்குல ஜனம் ரயில், பஸ்னு கிடைச்சதுல ஏறி ஓடிருச்சு. ஆஸ்பத்திரில இருந்தே நோயாளிங்க நழுவி, அப்புறம்தான் அதிரடிப்படைய காவலுக்கு நிறுத்துனாங்க. கேட்டா இப்பவும் "பீதி வேணாம்"னு பாடம் எடுக்குறாங்க.

தேன்மொழி:
அவ்ளோ பேர் ஓடியும் மும்பைலயோ டெல்லிலயோ சூரத் மாதிரி வெடிக்கலையே, அதுக்கு என்ன சொல்றீங்க? இது காத்துல ஊர் விட்டு ஊர் பறக்குற நோய் இல்லைங்க, இருமுற ஆளுக்கு ரொம்ப பக்கத்துல இருந்து அந்த துளி உள்ள போனாதான் ஒட்டும், டெட்ராசைக்ளின் மாதிரி மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும். தனியார் டாக்டருங்களே கிளினிக்கை பூட்டிட்டு கிளம்புனா ஜனம் எதை நம்பி உக்காந்திருக்கும்?

கார்மேகம்:
வெடிக்கலைன்னா அது அதிர்ஷ்டம், பாலிசி இல்ல. நிமோனிக்ல அறிகுறி வந்து 24 மணி நேரத்துக்குள்ள மருந்து போகலைன்னா பொழைக்கிறது கஷ்டம், ரயில்ல போறவனுக்கு நடுவழில யாரு மாத்திரை குடுப்பா?

வெட்டிஆபீசர்:
அது பிளேக்கே இல்லைன்னு அப்ப ஒரு கோஷ்டி சொல்லிட்டு இருந்துச்சே?

தேன்மொழி:
சொன்னாங்க. டாக்டர் ராமலிங்கசாமி தலைமைல மத்திய அரசு போட்ட கமிட்டி பிளேக்தான்னு முடிவு சொல்லிருச்சு. லேப்ல இருந்து சட்டுனு தெளிவா பதில் வராததுதான் வதந்திக்கு தீனி. அதுக்குள்ள வளைகுடா நாடுங்க விமானத்தையே நிறுத்திட்டாங்க. கார்மேகம் கேக்குற மாதிரி உலகமே நமக்கு சீல் வச்சுது, ஏற்றுமதியும் டூரிசமும் அடி வாங்குனதுதான் மிச்சம். 2017ல மடகாஸ்கர்ல வந்த பிளேக்கை பாருங்க, 2400 பேருக்கு மேல நோய், 209 சாவு, முக்கால்வாசி நிமோனிக். அங்க தொடர்புல இருந்த 7000 பேருக்கு மேல தேடிப் பிடிச்சு மாத்திரை குடுத்தாங்க, அதுல நோய் வந்தவங்க ரொம்ப கொஞ்சம்.

கார்மேகம்:
பாதி கதைய சொல்றீங்க மேடம். அதே மடகாஸ்கர்ல ஸ்கூல மூடுனாங்க, தலைநகர்ல கூட்டம் கூட தடை போட்டாங்க, ஏர்போர்ட்ல ஜுரம் பாத்துத்தான் விட்டாங்க. அதெல்லாம் கட்டுப்பாடு இல்லையா?

எலிப்பொறி:
ரெண்டு பேரும் எலிய விட்டுட்டீங்க. எலிகிட்ட இருந்து பிளேக் கிருமிய மனுசனுக்கு கொண்டு வர்றது அது மேல இருக்குற தெள்ளுப்பூச்சி. எலிய மட்டும் கொன்னா அந்த பூச்சி அடுத்து மனுசன் மேலதான் ஏறும், அதனால முதல்ல பூச்சி மருந்து, அப்புறம்தான் எலி. சூரத்ல வெள்ளம் வடிஞ்சு குப்பையும் செத்த ஆடு மாடும் நாறிக் கிடந்துச்சு. எஸ்.ஆர். ராவ் கமிஷனரா வந்து நகராட்சிய விரட்டி வேலை வாங்குன பிறகுதான் ஊரே மாறுச்சு.

கார்மேகம்:
ராவ் வந்தது 1995 மே மாசம் பாஸ். நான் கேக்குறது 94 செப்டம்பர்ல ஸ்டேஷன்ல யாரு நின்னிருக்கணும்னு.

தேன்மொழி:
மாத்திரையோட ஹெல்த் ஸ்டாஃப். பிளாட்பாரத்துலயே ஜுரம் பாத்து, பேரும் போற ஊரும் எழுதி வாங்கியிருந்தா அந்தந்த மாவட்டத்துல ஆளைத் தேடியிருக்கலாம். போலீஸ நிறுத்தினா சந்து வழியா போவாங்க, அப்ப பேரும் கிடைக்காது ஊரும் கிடைக்காது.

கார்மேகம்:
அந்த கூட்டத்துல நின்னு பேர் எழுதுறதா? சரி, அதுக்கு எத்தனை பேர் வேணும்னு கணக்கு போட்டு சொல்லுங்க, பேசுவோம்.