தனியாக வாழ்ந்துகொண்டு கடனை அடைப்பது: எதை முதலில் கட்டுவது?

ஒற்றைச்சாவி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மருத்துவச் செலவும், நடுவில் நான் வேலை இல்லாமல் இருந்த காலமும் சேர்ந்து என் மேல் நாலு கடன் நிற்கிறது. கூட இருந்த தோழி கல்யாணமாகிப் போய்விட்டாள், அதனால் இப்போது வீட்டு வாடகை முழுக்க என் தலையில். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை என்பதால், சம்பளத்தை 100 என்று வைத்துச் சொல்கிறேன்.

வாடகை, கரண்ட், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 46. சாப்பாடு, போக்குவரத்து, போன், மருந்து 22. பர்சனல் லோன் தவணை 12, அது இன்னும் ரெண்டு வருடம் ஓடும். பெரிய கிரெடிட் கார்டில் பாக்கி 120, மாத வட்டி 3 சதவீதம், மாதாமாதம் கட்டாயம் கட்ட வேண்டிய மினிமம் 6. சின்ன கார்டில் பாக்கி 40, மாதம் 2.5 சதவீதம், மினிமம் 2. அது போக ஒரு தோழியிடம் வாங்கிய கைமாத்து 50, அவள் வட்டி கேட்கவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை, ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

எல்லாம் போக மாதம் 12 மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதில்லை. ஒரு மாதம் பல் வைத்தியம், ஒரு மாதம் போன் பழுது, ஒரு மாதம் ஊருக்குப் போக டிக்கெட். கேட்டால் எல்லோரும் "செலவைக் குறை" என்கிறார்கள், குறைக்க இனி என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எந்தக் கடனை முதலில் அடைப்பது, கையில் கொஞ்சம் சேர்த்து வைப்பதா இல்லை இருப்பதை எல்லாம் கடனுக்கே போடுவதா, வீட்டுக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதா, இதற்கெல்லாம் அனுபவப்பட்டவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வரவுசெலவு:

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறீர்களே, பாதிப் பேர் தங்கள் வட்டி எத்தனை சதவீதம் என்றே தெரியாமல்தான் கேட்க வருவார்கள்.

முதலில் மினிமம் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் பணம் கரைவது அங்கேதான். பில்லில் அந்தத் தொகையைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள், அதைக் கட்டினால் இந்த மாதம் கடமை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. உங்கள் பெரிய கார்டில் இந்த மாத வட்டி மட்டும் 3.6. நீங்கள் கட்டும் 6-இல் அசலில் கழிவது 2.4 தான். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறையும், மினிமமும் கூடவே குறையும், நீங்களும் குறைத்துக் கட்டுவீர்கள். மாதம் 3 சதவீத வட்டியில், பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் கடன் பாதியாகக் குறையவே 34 மாதத்துக்கு மேல் ஆகும். பாதி! அதே கடனுக்கு முதல் மாதம் கட்டிய தொகையையே, மினிமம் இறங்கினாலும் நீங்கள் இறங்காமல், ஒவ்வொரு மாதமும் கட்டினால் 31 மாதத்தில் கடன் மொத்தமும் தீர்ந்துவிடும். கையை விட்டுப் போகும் பணம் முதல் மாதத்தில் இரண்டு வழியிலும் ஒன்றுதான். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள், ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பாருங்கள். ஆகவே வேறு எதையும் செய்யாவிட்டாலும் இன்றைக்கே 6, 2 என்று இரண்டு தொகையையும் நிலையாக வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று நினைக்காதீர்கள். வட்டிக்கு வட்டி ஏறி 42-ஐத் தாண்டிவிடும். எதுவுமே கட்டாமல் விட்டால் அபராதம் சேர்க்காமலே ரெண்டு வருடத்தில் கடன் இரட்டிப்பாகும்.

அப்புறம், பாக்கி இருக்கும் வரை அந்த ரெண்டு கார்டையும் தேய்க்காதீர்கள். முழுப் பணம் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வட்டியில்லா நாட்கள். பாக்கி வைத்திருந்தால் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

நீலக்குடை:

நான் பல வருடமாகத் தனியாக இருப்பவள், கடனோடும் இருந்திருக்கிறேன், கடன் இல்லாமலும் இருந்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியின் மற்றப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

"குறைக்க என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, அது சாக்கு இல்லை, நிஜம். ஒரு ஆளுக்கானாலும் ரெண்டு ஆளுக்கானாலும் பிரிட்ஜ் ஒன்றுதான் ஓடும், இன்டர்நெட் பில் ஒன்றுதான், சமையலறை ஒன்றுதான். நாடுகளுக்கிடையே வாழ்க்கைத்தரத்தை ஒப்பிடும்போது ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுப்பார்கள். அதன்படி தனி ஆளுக்கு 100 தேவைப்படும் அதே வாழ்க்கைக்கு, ரெண்டு பேர் சேர்ந்திருந்தால் 200 வேண்டாம், 141 போதும். ஆளுக்கு 70 சொச்சம். ஆக நீங்கள் ஊதாரியாக இருப்பதால் செலவு கூடவில்லை, வகுக்க ஆள் இல்லாததால் கூடுகிறது. கடன் அடைக்கச் சொல்லித்தரும் அறிவுரையில் பெரும்பகுதி குடும்பமாக இருப்பவர்களுக்காக எழுதியது. ஒருவர் சம்பளத்தில் வீட்டை ஓட்டிவிட்டு இன்னொருவர் சம்பளத்தை அப்படியே கடனுக்குத் தள்ளுங்கள் என்பார்கள். நமக்கு அந்த இன்னொருவர் எங்கே?

இதனால்தான் இருப்பதை எல்லாம் கடனுக்குக் கொட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட ஒரு ஆள் இருந்தால் நாம் படுத்துவிட்டாலும் வீட்டுக்குள் ஒரு சம்பளம் வரும். தனி ஆளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட செலவு ஏறும்: மருந்து வாங்கிவர யாரும் இல்லை, டெலிவரிக்குக் கட்டணம், சமைக்க முடியாததால் வெளிச் சாப்பாடு, ஆட்டோவோ டாக்சியோ வைத்து ஆஸ்பத்திரி. அந்த நேரம் கையில் காசு இல்லாவிட்டால் கை நேராகக் கார்டுக்குத்தான் போகும், நாலு மாதம் பல்லைக் கடித்து அடைத்தது ஒரே வாரத்தில் திரும்ப ஏறிவிடும். ஒரு மாத வாடகையாவது தனிக் கணக்கில், கார்டு இல்லாத கணக்கில், போட்டு வையுங்கள். அது சேரும்வரை கடனுக்கு இப்போது கட்டுவதையே கட்டுங்கள், கூடுதலாக வேண்டாம். 42 சதவீத வட்டி ஓடும்போது சேமிப்பா என்று வரவுசெலவு கேட்பார், கணக்குப்படி அவர் சொல்வது சரிதான், ஆனால் அந்தத் தொகை வட்டி சம்பாதிக்க இல்லை, கார்டை மறுபடி எடுக்காமல் இருக்க.

பல், போன், டிக்கெட் என்று எழுதியிருக்கிறீர்கள். இவையெல்லாம் திடீர்ச் செலவு மாதிரித் தெரியும், வருடக் கணக்கில் பார்த்தால் எப்போதும் ஏதோ ஒன்று வரத்தான் செய்கிறது. போன வருட பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து இந்த மாதிரிச் செலவை எல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். அதுதான் நீங்கள் பட்டியலில் எழுதாமல் விட்ட இன்னொரு வரி.

வீட்டுக்கு ஆள் சேர்ப்பது பற்றி: வேறு எதைச் செய்தாலும் 46 என்ற எண் இப்படி அசையாது, அதனால் யோசியுங்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள், யார் எதற்குக் கட்டுவது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர் நடுவில் போனால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து. நிம்மதி கெடும் என்று மனசு சொன்னால் விட்டுவிடுங்கள். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தி உட்காரும் அமைதிக்காக ஒருவர் கூடுதல் வாடகை கொடுத்தால் அதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

கல்தூண்:

எதற்கு இத்தனை சுற்று? நாலையும் ஒரே லோனாக மாற்றிவிட்டால் ஒரே தவணை. என் நண்பருக்கு 12 சதவீதத்தில் கிடைத்தது, முடிஞ்சுது கதை.

வரவுசெலவு:

கல்தூண், அந்த 12 எந்த வகை என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். குறையும் அசலுக்கு 12 என்றால் நல்ல யோசனை, தாராளமாக மாற்றலாம். ஃப்ளாட் ரேட் என்றால் கதையே வேறு: மூணு வருடக் கடன் என்றால் மூணு வருடத்துக்கும் முழு அசலுக்கே வட்டி போட்டு, மொத்தத்தை 36 தவணையாகப் பிரிப்பார்கள், பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கான வட்டிதான் ஓடும். அப்படிப்பட்ட 12, உண்மையில் ஏறக்குறைய 21 சதவீதம். அப்போதும் கார்டை விட மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் எல்லாம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய கார்டு காலியாகும்போது அதன் லிமிட்டையும் குறைக்கச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் லோனும் இருக்கும், கார்டிலும் மறுபடி பாக்கி ஏறும்.

ஒற்றைச்சாவி:

எல்லோருக்கும் நன்றி. நீலக்குடை அக்கா, அந்த விட்டுப்போன வரியைக் கூட்டிப் பார்த்தேன், மாதம் 7 வருகிறது. இத்தனை நாள் பணம் எங்கே போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு ஒப்பந்தத்தைப் பார்த்தேன், ஆள் சேர்க்கலாம். அலுவலகத்தில் ஒருத்தி அறை தேடுகிறாள், பேசியிருக்கிறேன். அவள் வந்தால் எனக்கு 17 மிச்சமாகும், அந்த 7 போனாலும் கடனுக்கு 10 தாராளமாகப் போடலாம், சேமிப்புக்கும் இடம் இருக்கும்.

இப்போது அந்த 10-ஐ எதில் போடுவது? பெரிய கார்டுக்குத்தான் வட்டி கூட. ஆனால் சின்னதை முடித்துவிட்டால் ஒன்றாவது தொலைந்தது என்று இருக்கும்.

மழைக்கால மேசை:

இது ரொம்பப் பழைய சண்டை, ஆனால் உங்கள் எண்களுக்குச் சண்டையே தேவையில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன். மொத்தம் 18, அதாவது 6, 2, கூடுதலாக 10. பெரிய கார்டில் முதலில் போட்டால் 9-ஆவது மாதம் அது முடியும், 11-ஆவது மாதம் சின்னதும் முடியும். சின்ன கார்டில் முதலில் போட்டால் 4-ஆவது மாதமே அது முடியும், பெரியது 11-ஆவது மாதம். ரெண்டிலும் கடைசி மாதம் ஒன்றுதான், வட்டியில் கொசுறு வித்தியாசம். உங்கள் ரெண்டு வட்டி விகிதமும் கிட்டக்கிட்ட இருப்பதால் இப்படி வருகிறது. ஒன்று மாதம் 3, இன்னொன்று 1 என்று இருந்தால் பெரிய வட்டியை முதலில் அடையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதனால் சின்னதை முதலில் முடியுங்கள். 2012-இல் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள், கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் விவரங்களை அலசிப் பார்த்தார்கள். எவ்வளவு பெரிய கணக்கு என்பது ஒருபுறம் இருக்க, கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தவர்கள்தான் கடைசிவரை போய் முழுக் கடனையும் அடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தனியாக இருப்பவருக்கு வீட்டில் "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்ல ஆள் கிடையாது. 4-ஆவது மாதம் பாக்கி பூஜ்யம் என்று ஒரு பில் வருவது அந்த இடத்தில் நிஜமாகவே உதவும். முடிந்த கார்டின் தொகையை மட்டும் செலவுக்கு எடுத்துவிடாமல் அப்படியே அடுத்ததில் சேர்த்துவிடுங்கள். பர்சனல் லோன் அதன் போக்கில் ஓடட்டும்.

கைமாத்து பற்றி யாரும் பேசவில்லை. வட்டி இல்லை என்பதற்காக அதைக் கடைசியில் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்காதீர்கள். தோழிக்கு இன்றே ஒரு மெசேஜ் போடுங்கள்: கார்டு ரெண்டும் முடியும் மாதம் எது, அதன்பின் மாதாமாதம் உனக்கு எவ்வளவு வரும் என்று. 18 அப்படியே அவளுக்குத் திரும்பினால் மூணு மாதத்தில் 50 தீர்ந்துவிடும். நடுவில் அவளுக்கு அவசரம் வந்தால் சொல்லச் சொல்லுங்கள். கேட்காமல் இருக்கிறவர்களுக்கும் தேவை இருக்கும்.

ஒற்றைச்சாவி:

மெசேஜ் அனுப்பிவிட்டேன். உடனே போன் பண்ணினாள், ரொம்ப நாளுக்கு அப்புறம் பணம் தவிர மற்ற எல்லாம் பேசினோம்.

கடைசியாக ஒரு சந்தேகம். சின்ன கார்டுக்குக் கடைசித் தேதி சம்பளத்துக்கு ஐந்து நாள் முன்னால் வருகிறது. அந்த ஐந்து நாளில்தான் ஒவ்வொரு முறையும் இழுபறி.

வரவுசெலவு:

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து பில்லிங் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள், பல வங்கிகள் மாற்றித் தரும். சம்பளம் வந்த ரெண்டு மூணு நாளுக்குள் கடைசித் தேதி விழும்படி கேளுங்கள், அதிலேயே ஆட்டோ டெபிட்டும் போட்டுவிடலாம், மினிமத்துக்கு இல்லை, நீங்கள் முடிவு செய்த தொகைக்கு. அந்த வசதி இல்லாவிட்டால் போன் பேங்கிங்கில் நிலையான மாத உத்தரவாகப் போடுங்கள். மாற்றும் மாதத்தில் பில் காலம் நீளலாம், அப்போது வட்டி கொஞ்சம் கூடத் தெரியும், பயப்படாதீர்கள். அந்த மாதம் பில்லை மட்டும் வரிவரியாகப் பாருங்கள், தாமதக் கட்டணம் என்று எதாவது ஏறியிருந்தால் உடனே போன் செய்து கழிக்கச் சொல்லுங்கள்.